சிவப்புத் துணி கட்டிய கடைசி வண்டி

போன வாரம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். "ஆன்ட்டி, போன் அடிச்சாலே பயமா கீது. இது எப்ப போவும்?" என்று கேட்டாள். போகவே கூடாது என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது. காபி கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு எனக்கே உறுத்தியது. ஆறுதல் தேடி வந்தவளை இன்னும் கொஞ்சம் பயமுறுத்தி அனுப்பிவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். அவளுக்கும், அவளைப் போல் கேட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும்.

கேட்டை எப்படி இறக்குவது, கொடியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பை. நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. என் மகள்களுக்கே பாதிதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் இருந்தார். அவர் இறந்த பிறகு அவர் வேலைக்குப் பதிலாக எனக்கு இந்தக் கேட் வேலையைக் கொடுத்தார்கள். படிப்பு எட்டாவது. கையில் இரண்டு பெண் குழந்தைகள். அந்த வேலை போனால் எங்கள் மூன்று பேருக்கும் வேறு கதி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் அன்று செய்த எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான், சாக்கு ஆகாது என்றாலும்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கேட்டில் எனக்கு ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பயம் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்கள் அரோகரா போட்டபடி வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு மலைமேல் இருக்கும் கோயில் தெரியும், எதிரே இறங்கும் கம்பம் தெரியாது. அவர்களுக்குப் பின்னால் ஆட்களை அடைத்துக்கொண்டு ஜட்கா வண்டிகள் வரும். மேளச் சத்தத்தில் குதிரை மிரண்டு தண்டவாளத்தில் நின்றுகொள்ளும். ஐப்பசி மழையில் நாற்று ஏற்றிய வண்டிகள் சேற்றை வாரிக்கொண்டு வந்து தண்டவாளத்தில் அப்பிவிட்டுப் போகும், நான் குச்சியை வைத்துச் சுரண்டிக்கொண்டு கிடப்பேன். பங்குனியில் வைக்கோல் வண்டி. வைக்கோல் நகர்ந்து வருவது தெரியுமே தவிர, ஓட்டுகிறவன் விழித்திருக்கிறானா தூங்குகிறானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரார் எல்லாம் மாதத்தைப் பண்டிகையால் எண்ணினால் நான் பயத்தால் எண்ணினேன்.

இதில் பெரிய பயம் மார்கழியும் தையும். கரும்பு வெட்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆலைக்குப் போகும் மாட்டு வண்டிகள் விடிந்தும் விடியாத நேரத்தில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வரிசையாக வரும். கேட்டுக்கு ஏறும் பாதை நல்ல மேடு. சுமை ஏற்றிய வண்டியை அந்த மேட்டில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பின்னால் உருளும், மாட்டின் கழுத்தை முறிக்கும். அதனால் முதல் வண்டி மேடேறிவிட்டால் கடைசி வண்டி போகும்வரை கேட்டை மூட முடியாது. ஆனால் அந்தப் பனியில் கடைசி வண்டி எது? பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாதே.

நான் ஒரு யோசனை செய்தேன். ரயிலில் கடைசிப் பெட்டிக்கு ஓர் அடையாளம் உண்டு. அதைப் பார்த்தால்தான் முழு வண்டியும் போய்விட்டது என்று நமக்கு நிச்சயம். வண்டிக்காரர்களிடம் சொன்னேன். "ரயிலுக்கே கடைசிப் பொட்டியில அடையாளம் கீது. உங்களுக்கு வேணாமா? கடைசியா வர்றவங்க பின்னாடி ஒரு செவப்புத் துணி கட்டுங்க." எல்லோரும் சிரித்தார்கள். "கேட்டம்மா எங்களையும் ரயிலாக்கிடுச்சிடா" என்றார்கள். என் பெயர் அவர்களுக்குக் கேட்டம்மாதான். ஆனால் மறுநாளே மன்னாரு என்கிற வண்டிக்காரர் தன் மனைவியின் பழைய புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் மாடுகள் கொஞ்சம் மெதுவான மாடுகள், பெரும்பாலும் அவர்தான் கடைசி. இரண்டு கரும்புப் பருவம் அந்தத் துணி ஒரு நாளும் தவறவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்த வேலையில் இல்லாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ரயில் வரும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து கேட்டைப் போடச் சொல்வார். நாம் கேட்டை மூடி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வந்து, நம்மிடம் உள்ள தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வோம். அந்த எண் நமது சத்தியம். கேட் பூட்டியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதை நம்பித்தான் அவர் ரயிலை அனுப்புவார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புத் துணி கேட் அறையின் ஜன்னலைத் தாண்டிப் போவதைப் பார்த்ததும், ரிசீவரைக் காதில் வைத்தபடியே, "போட்டாச்சு சார்" என்று எண்ணைச் சொல்லிவிடுவேன். பிறகு வெளியே போய்க் கேட்டைப் போடுவேன். ஒரு நிமிஷ வேலைதானே, கடைசி வண்டிதான் போய்விட்டதே. ரகசிய எண்ணுக்கு உண்டான மரியாதையைப் புடவைத் துணிக்குக் கொடுத்துவிட்டேன். கரும்பு வண்டி வரும் நாளெல்லாம் இப்படித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் நம்மைக் கெடுப்பது.

பொங்கல் முடிந்த வாரம். அன்று பனி கேட்டின் கம்பத்தையே மறைத்தது. வண்டிகள் மேடேறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "கேட்டு போடும்மா, பாசஞ்சர் வருது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு வண்டி, இன்னொரு வண்டி, அதன் பின்னால் சிவப்புத் துணி. எண்ணைச் சொன்னேன். வெளியே வந்து கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

கம்பம் பாதி இறங்கியிருக்கும். பனிக்குள்ளிருந்து மாட்டு மணிச் சத்தம்.

மன்னாருதான். அன்று ஒரு மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டதால் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார். இனி அவர் வரமாட்டார் என்று நினைத்து, முன்னால் கிளம்பியவர் அவரிடமிருந்து துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இவரோ வரிசையைப் பிடிக்க வேண்டும் என்று மாட்டை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். மேட்டில் எப்படி நிறுத்துவார்? பாதியில் தொங்கிய கம்பத்தைப் பார்த்து மாடுகள் மிரண்டு ஒதுங்கின. கரும்புக்கட்டு கம்பத்தில் உரசிக்கொண்டு வந்தது. வலது சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த பலகையை விட்டு இறங்கித் தண்டவாளத்தின் ஓரத்தில் சிக்கிக்கொண்டது. இடது பக்கத்து மாடு முட்டி போட்டுப் படுத்துவிட்டது.

இப்போது கவனமாகப் படியுங்கள், தப்பு இதற்குப் பிறகுதான். போன் பத்தடி தூரத்தில் இருந்தது. எண்ணைச் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் போன் பக்கம் போகவில்லை. வண்டிப் பக்கம் ஓடினேன். சக்கரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். போன் செய்தால் கேட் திறந்திருந்தது தெரிந்துவிடும், வண்டியை நகர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்படி வார்த்தை வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் கால் அதை நினைத்துத்தான் அந்தப் பக்கம் போனது.

"எழுந்திரு நைனா, எழுந்திருடா என் நைனா" என்று மன்னாரு மாட்டின் முகத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினார். வாலை முறுக்கினார், அழுதார். நான் தள்ளினேன். கரும்பு வண்டியைப் பொம்பளை ஒருத்தி தள்ளி நகருமா?

கேட்டின் அந்தப் பக்கம் ஒரு ஜட்கா நின்றிருந்தது. ஸ்டேஷனில் வந்து இறங்கும் பூக்கூடைகளை மலைக்கு எடுத்துப் போகும் ஜட்கா. அந்த ஜட்காக்காரர் இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரயிலு வருதாம்மா?"

"வருது."

"போன் பண்ணிட்டியா?"

நான் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"அடிப்பாவி, ஆயிரம் பேரு வர்றாங்க, நீ இங்க கரும்பு தள்ளிகினு கீறியா? அவன் வண்டிய அவன் பாத்துக்குவான். உன் வேல இன்னாவோ அத பாரு."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். "சார், கேட்டுல வண்டி மாட்டிகினு கீது சார்" என்றேன்.  "பாசஞ்சர் பொறப்பட்டு போயிடுச்சேம்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். 

சிவப்புக் கொடியையும் பட்டாசுப் பெட்டியையும் எடுத்தேன். பட்டாசு என்பது தண்டவாளத்தில் கட்டிவைப்பது. என்ஜின் ஏறினால் வெடிக்கும். பனியில் கொடி தெரியாவிட்டாலும் டிரைவர் சத்தம் கேட்டு நிறுத்துவார். ஆனால் அதைக் கேட்டுக்கு வெகு தூரத்துக்கு முன்னால் கட்ட வேண்டும். சரளைக் கல்லில் புடவையோடு எவ்வளவு வேகமாக ஓட முடியும்? ஜட்காக்காரர் அதற்குள் குதிரையைத் திருப்பி, லைனை ஒட்டிய வண்டிப்பாதையில் நிறுத்தியிருந்தார். "ஏறு" என்றார்.

அந்த ஜட்காவில் போன நேரத்தை என்னால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. முன்னால் குதிரையின் காதுகள் மட்டும் தெரிந்தன. என் மடியில் பூக்கூடை ஒன்று சரிந்து வந்து விழுந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து எந்த நொடியும் என்ஜின் வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். குழந்தைகளை நினைக்கவில்லை, முருகனைக்கூடக் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்தக் குதிரையிடம்தான் கெஞ்சினேன்.

"இதுக்கு மேல தாங்காதும்மா, இங்கயே கட்டு" என்று அவர் நிறுத்தினார். இறங்கித் தண்டவாள மேட்டில் ஏறினேன். முதல் பட்டாசு கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து தேடினேன். மூன்றையும் கட்டி முடித்தபோது தண்டவாளம் லேசாக அதிர்ந்தது. கொடியை ஆட்டிக்கொண்டே ரயிலை நோக்கி ஓடினேன். விளக்கு தெரிந்தது. நான் ஒதுங்கினேன். என்ஜின் என்னைத் தாண்டிப் போனது. பின்னால் மூன்று வெடி.

குதிரை மிரண்டு ஜட்காவை இழுத்துக்கொண்டு ஓடியது. பாதை நெடுக சாமந்திப்பூ. பிரேக் போட்ட சத்தம் முடியவே முடியாது போலிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

கேட்டுக்குத் திரும்பி ஓடிவந்து பார்த்தேன். என்ஜினுக்கும் மன்னாருவின் வண்டிக்கும் நடுவில் இன்னும் நாலு வண்டி நிறுத்த இடம் இருந்தது. அவ்வளவுதான். மன்னாரு மாட்டை விட்டு நகரவே இல்லை. பிரயாணிகள் இறங்கி வந்து கரும்பை இறக்கி, வண்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். போகும்போது ஆளுக்கொரு கரும்பை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் பல்குச்சியை வாயில் வைத்தபடி என்னிடம், "திருத்தணி இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டார். அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு மன்னாரு என்னிடம் வந்து கைகூப்பினார். "துணி இல்லாம வந்துட்டேன் கேட்டம்மா. தப்பு என்னுது."

நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வேண்டியவர் ஒருவர் வந்து வழி சொல்லிக்கொடுத்தார். "மூடுன கேட்ட முட்டிகினு வந்துட்டான்னு எழுதிக் குடுத்துடு. கம்பத்துலதான் உரசுன தடம் கீதே. அவன் நாலு நாளு உள்ள இருந்துட்டு வருவான், உனக்கு வேல போனா திரும்பி வருமா?" என் குழந்தைகள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதினேன். என் கையெழுத்தில், நான்தான் எழுதினேன்.

மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார், கூடவே ஸ்டேஷன் மாஸ்டரும். எழுதிய தாள் என் இடுப்புப் பையில் இருந்தது. மன்னாரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றிருந்தார். அதிகாரி அவரைத்தான் முதலில் கேட்டார்.

"கேட்டு மூடியிருந்துச்சா?"

"பாதி மூடியிருந்துதுங்க சார். தப்பு என்னுதுதாங்க. துணி கட்டாம வந்துட்டேன்."

"என்ன துணி?"

"கடைசி வண்டிக்குச் செவப்புத் துணி கட்டணும்ங்க. அதப் பாத்துதான் அம்மா கேட்டு போடும். அம்மா வெச்ச சட்டம்ங்க. ரெண்டு வருசமா ஒரு நாளு தப்புனதில்ல. நேத்து நான் தப்பிட்டேன். என்ன வேணா பண்ணுங்க சார், மாட்ட மட்டும் புடிச்சிகினு போவாதீங்க."

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த மனிதர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நல்லபடியாக வேலை பார்ப்பவள் என்பதற்கு அதுதான் சாட்சி என்று நினைத்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதியிருக்கிறதக் குடுங்கம்மா."

உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அவர் இரண்டாவது முறை கேட்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மன்னாருவின் சட்டைப் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன. பயத்தில் போட்டிருக்கிறார். நான் செய்த தப்புக்கு அவர் பயந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

"நான் நம்பர் சொன்னப்ப கேட்டு தொறந்துதான் இருந்துது சார். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

ஸ்டேஷன் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி எழுதி முடித்துப் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"வண்டி மாட்டுனதும் போன் பண்ணியிருந்தா நிறுத்தியிருப்பேம்மா. பாசஞ்சர் அப்ப பிளாட்பாரத்துலதான் நின்னுகினு இருந்துது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எண்ணை முன்னாலேயே சொன்னது தப்பு, பெரிய தப்பு. ஆனால் அந்தத் தப்பு நடந்ததுமே ரயில் கிளம்பிவிடவில்லை. நான் அதை மறைக்கத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கிளம்பியது. உங்களுக்கும் ஒரு நாள் கை தவறும். அன்று உங்கள் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். போன் பக்கம் போகட்டும். வேலை போனாலும் போகட்டும்.

என் வேலை போகவில்லை, ஆனால் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கேங்கில் கல் கொட்டினேன். குழந்தைகளை மணவூரில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தேன். பிறகு அதே கேட்டுக்கு என்னை அனுப்பினார்கள்.

திரும்பிய பிறகு வந்த முதல் கரும்பு நாள். எல்லா வண்டிகளும் போயின. கடைசியில் மன்னாரு. துணி இல்லை. கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் இறக்கினேன், பூட்டினேன்.

"பூட்டிட்டியா கேட்டம்மா?"

"பூட்டிட்டேன்."

"சாவியக் காட்டு."

காட்டினேன். "ஆங்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். அன்று தொடங்கியது. மற்றவர்கள் கேலி செய்தார்கள், அவர் விடவில்லை. மாட்டை விற்று டிராக்டரில் கூலிக்குப் போன காலத்திலும், கரும்பின் மேல் உட்கார்ந்தபடி கையை நீட்டுவார். நான் சாவியைத் தூக்கிக் காட்டுவேன். எனக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் வந்து போனார்கள், அவரைப் போல் தினமும் பார்த்தவர் யாரும் இல்லை.

ஓய்வு பெற்ற அன்று சாவியை ஒப்படைத்துவிட்டு மாலையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். டீக்கடை பெஞ்சில் மன்னாரு உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாத வயது. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

"சாவி எங்க கேட்டம்மா?"

"குடுத்துட்டேன். புதுசா ஒருத்தரு வந்துகிறாரு."

"அவருகிட்ட சொல்லிட்டியா?"

 ஒப்படைத்தபோது கொடி, விளக்கு, பட்டாசு என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டியிருந்தேன். அந்தப் பனி நாளில் நடந்ததைச் சொல்லியிருக்கவில்லை. வெட்கம்தான் காரணம், வேறு என்ன?

மன்னாரு இப்போது இல்லை. சொல்லிவிட்டேன் என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.